செல்ஃப் சுற்றுது, வண்டி எடுக்கலை

உழவும் எந்திரமும் – 17

இங்கிலாந்தில் பழைய டிராக்டர் விற்கும் இடத்தில் மாசே பெர்குசன் 35 ஒன்று நின்றால், விவரம் தெரிந்தவர் டயரைப் பார்ப்பதற்கு முன் எஞ்சின் பக்கம் குனிந்து இன்ஜெக்டர்களை எண்ணுவார். மூன்றா, நான்கா? மூன்று என்றால் பேரம் சூடு பிடிக்கும். நான்கு என்றால் விலை இறங்கும். உருவம், ஹைட்ராலிக், சிவப்பு பெயின்ட் எல்லாம் ஒன்றேதான். இந்த ஓரவஞ்சனைக்கு முக்கியக் காரணம் குளிர்காலக் காலைகள்.

போன வாரம் ஹாரி பெர்குசனின் சாம்பல் நிறச் சின்ன டிராக்டரைப் பார்த்தோம். அதன் வாரிசாக 1956-ல் வந்தது 35. கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி கட்டிக் கொடுத்தது. டீசல் மாடலுக்கு அவர்களே செய்த 23சி என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின். ஓட ஆரம்பித்துவிட்டால் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. குளிரில் மட்டும் எடுக்காது என்று பேர் வாங்கிவிட்டது. 1959-ல் மாசே பெர்குசன் நிறுவனம் பெர்கின்ஸை விலைக்கு வாங்கியது. அதையொட்டியே 35-க்குள் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஏறியது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாசே 1035 என்று நம் வயல்களில் இறக்கியதும் இந்தக் குடும்பத்து வண்டியைத்தான். மார்கழி விடியல்கூட டீசல் எஞ்சினுக்கு ஒரு குளிரே இல்லை என்பதால் இந்தப் பழைய வழக்கு நம் காதுக்கு வராமலே போய்விட்டது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது கொதிக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. எஞ்சினுக்குள் அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். வெளியே மைனஸ் 10 என்றால் காற்று கிளம்பும் இடமே கீழே. சில்லிட்ட சிலிண்டர் சுவரும் ஹெட்டும் மீதிச் சூட்டை உறிஞ்சும். சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு அதிகம். ஆகவே சின்ன எஞ்சினுக்குச் சேதாரமும் அதிகம். அக்காலத்துச் சின்ன டீசல்கள் பலவற்றில் எரிபொருள் நேராகச் சிலிண்டரில் விழாது. பக்கத்திலுள்ள ஒரு குட்டி அறையில் விழும். அதன் குறுகிய வாய்க்குள் நுழையும்போது காற்று இன்னும் கொஞ்சம் சூட்டை விட்டுவிட்டுப் போகும். 23சி அந்த ரகம்.

அடுத்தது பேட்டரி. மைனஸ் 18-ல் நல்ல பேட்டரியே தன் வலுவில் பாதிதான் தரும். எஞ்சின் ஆயிலோ கெட்டித்துக் கிராங்க்கைப் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் மெதுவாகச் சுற்றும். மெதுவாக என்றாலும் சுற்றுகிறதே என்று தோன்றும். அங்கேதான் வினை. பிஸ்டன் நிதானமாக ஏறினால், நெருங்கும் காற்று ரிங் சந்தில் ஒழுகவும் சுவரில் சூட்டை இழக்கவும் தாராளமாக நேரம் கிடைக்கிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர். டீசல் பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. வந்ததும் பம்பில் ஸ்பானரை வைக்கும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

சுற்றும்போது சைலன்சரைக் கவனியுங்கள். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை: அடைத்த ஃபில்டர், ஏர் லாக், அல்லது உள்ளே தள்ள மறந்த ஸ்டாப் கம்பி. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. அப்போது பார்க்க வேண்டியது சூடேற்றும் ஏற்பாட்டை. குபோட்டா, யான்மார் போன்ற ஜப்பானியக் குட்டி டிராக்டர்கள் பலவற்றில் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் செத்தால் வெயில் காலத்தில் தெரியவே தெரியாது. முதல் குளிரில் இரண்டு சிலிண்டரில் உதறிக்கொண்டு எடுக்கும், வெள்ளையாகக் கக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று விட்டால், அடுத்த பிளக் போகும் காலையில் வண்டி நின்றுவிடும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லைட்டை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட வேண்டும். லைட் எரியாத இடத்துப் பிளக் செத்தது.

பெர்கின்ஸ் எஞ்சின்கள் பலவற்றில் வேறு ஏற்பாடு: காற்று போகும் வழியில் தெர்மோஸ்டார்ட். சாவியை ஹீட்டர் நிலையில் இருபது விநாடி போலப் பிடித்தால் உள்ளேயுள்ள சுருள் பழுக்கும். அந்தச் சூட்டில் ஒரு வால்வு திறந்து டீசல் சுருள்மேல் சொட்டும். செல்ஃப் அடித்ததும் அது பற்றி, உள்ளே போகும் காற்றையே தீ சுடவைக்கும். பழைய வண்டிகளில் இதற்கு வரும் மெல்லிய குழாய் ஒழுகுகிறது என்று யாராவது நசுக்கி அடைத்திருப்பார்கள். அடைத்த கையோடு வண்டியை விற்றும் இருப்பார்கள்.

இதற்கெல்லாம் மூத்த வித்தை கெயின்ஸ்பரோவில் தயாரான ஃபீல்டு மார்ஷல் டிராக்டருடையது. ஒற்றைச் சிலிண்டர். வெடியுப்பு ஊறிய காகிதத்தைச் சுருட்டிப் பற்றவைத்து, அது கனன்றுகொண்டிருக்கும்போதே சிலிண்டர் ஹெட்டில் திருகிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். சுற்ற முடியாதவருக்குத் தோட்டா: உள்ளே போட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு.

இன்று அந்தத் தோட்டாவின் இடத்தில் ஈதர் ஸ்ப்ரே. 200 டிகிரிக்குக் கீழேயே பற்றும் சரக்கு அது. ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும் எஞ்சினில் அடித்தால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனே விரியலாம். ஈதருக்குப் பழகிவிட்ட எஞ்சின் என்று பண்ணைகளில் சொல்வதுண்டு. பழக்கமாவது ஒன்றாவது, தேய்ந்துபோன ரிங்கை ஈதர் மறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என் ஓட்டு, எஞ்சினையே மின்சாரத்தில் முன்கூட்டிச் சுடவைக்கும் பிளாக் ஹீட்டருக்கு. அமெரிக்காவில் வட டக்கோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-ல் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஹெட் போல்ட் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே ஹீட்டர் பொதிந்த போல்ட்டை முடுக்குவது அவர் யோசனை. இப்போது பெரும்பாலும் கூலன்ட்டைச் சுடவைக்கிறார்கள். சின்ன டிராக்டருக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் போதும்.

ஆனால் பிளாக் ஹீட்டர் டேங்கைச் சுடவைக்காது. டீசலில் கரைந்திருக்கும் மெழுகு கடுங்குளிரில் திரிந்து ஃபில்டரை அடைக்கும். இதன் அடையாளம் வேறு: வண்டி ஒழுங்காக எடுக்கும், சில நிமிடம் ஓடும், பிறகு மூச்சடைத்து நிற்கும். லடாக்கில் இதற்காக மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை உறையாத டீசலை அங்கே விற்பனைக்கு விட்டது. மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. டீசலையே தனக்கு ஆயிலாகக் கொண்டு ஓடும் பம்ப், கலப்பு மிஞ்சினால் சீக்கிரம் தேயும். குளிர்நாட்டுப் பண்ணைகளில் அடிக்கடி நடப்பது, கோடையில் நிரப்பிய டேங்கோடு டிசம்பரில் சாவியைத் திருப்புவது. குளிர்கால டீசலை வாங்கி ஊற்றிவிட்டாலும் அது டேங்கில்தான் இருக்கும். ஃபில்டரிலும் குழாயிலும் நிற்பது பழைய டீசல். ஊற்றிய கையோடு அரை மணி நேரமாவது வண்டியை ஓட்டி நிறுத்த வேண்டும்.

(தொடரும்)