நாடி படபடக்கிறதா... முதலில் போனை வையுங்கள்!

போன மாதம் சேலையூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 67. "தூக்கமே இல்லை டாக்டர். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். நாடி பிடித்துப் பார்த்தேன். வாதம் துள்ளிக்கொண்டிருந்தது. பிரஷரும் 170-ஐத் தாண்டியிருந்தது. "வீட்டுல ஏதாவது கவலையாம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், அழுதுவிட்டார்.

மும்பை போலீஸ் என்று ஒருவன் பேசியிருக்கிறான். உங்கள் ஆதாரைக் காட்டி யாரோ சிம் வாங்கி, கறுப்புப் பணம் கடத்தியிருக்கிறார்கள் என்றானாம். அடுத்து வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் சின்னம். "நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. போனை அணைக்கக் கூடாது, வீட்டுல மூச்சு விடக்கூடாது." இரண்டு நாள்! பிரஷர் மாத்திரை போடக்கூட அவனிடம் அனுமதி கேட்டாராம். கடைசியில் பிக்ஸட் டெபாசிட்டை உடைத்து, "சரிபார்த்துத் திருப்பித் தருவோம்" என்ற பேச்சை நம்பி 4 லட்சம் அனுப்பிவிட்டார். இது நடந்து 11 நாள் ஆகியும், பெற்ற மகனிடம்கூடச் சொல்லவில்லை.

'படித்தவர் எப்படி ஏமாந்தார்?' என்று நினைக்கிறீர்களா? 2024 ஆகஸ்டில் லூதியானாவின் வர்த்தமான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி.ஓஸ்வாலிடம் இதே வித்தையைக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவருக்கு அப்போது வயது 82. வீடியோவில் போலி உச்ச நீதிமன்றமே நடத்தி, தலைமை நீதிபதி போல ஒருவனைப் பேச வைத்திருந்தார்கள். அவர் புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்க முடிந்தது. ஆக, படிப்பும் அனுபவமும் இதற்குத் தடுப்பூசி இல்லை.

காரணம் உடம்பில் இருக்கிறது. திடீரென்று பயம் வந்தால் அட்ரினலின் பெருகுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், நிதானமாக யோசிக்கும் திறன் மங்கும். பட்டினி, கண் விழிப்பு, அச்சம் மூன்றும் வாதத்தை ஏற்றும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. மோசடிக்காரன் செய்வதும் அச்சு அசலாக அதைத்தான். தூங்க விடமாட்டான், சாப்பிட விடமாட்டான், பக்கத்தில் ஒரு மனுஷரை அண்ட விடமாட்டான். "யாரிடமும் சொல்லாதே" என்ற சொல் காதில் விழுந்த அந்த நிமிஷமே போனை வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவையாவது தட்டுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் யாரோடாவது பேசினாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. கைது என்றால் நேரில் வருவார்கள், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். எந்தக் கோர்ட்டும் போலீஸும் 'சரிபார்க்க' பணம் அனுப்பச் சொல்வதில்லை. (பேசுகிறவர்கள் பல சமயம் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வேலை என்று ஏமாற்றி மியான்மருக்குக் கொண்டுபோய், இந்தத் தொழிலில் தள்ளப்பட்ட நம் தமிழ்நாட்டுப் பையன்கள் சிலர் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அது தனிக் கொடுமை.)

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் வங்கிகள் மூலம் முடக்கப் பார்ப்பார்கள். விஷக்கடிக்கு வைத்தியம் மாதிரிதான், முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. நம் பக்கத்துக்கு 2022-லிருந்து தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தனியாகவே இருக்கிறது, அங்கேயும் புகார் கொடுக்கலாம்.

"இன்று ராத்திரி கரண்ட் கட்" என்று வரும் எஸ்.எம்.எஸ். பற்றி மின்வாரியமே எச்சரித்திருக்கிறது. அதில் இருக்கும் செல் நம்பருக்குப் பேசினால், ஏதோ ஒரு ஆப்பைப் போனில் ஏற்றச் சொல்வான். ஏற்றினால் உங்கள் போன் திரை அவனுக்குத் தெரியும். இன்னொன்று, யூ.பி.ஐ.யில் பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. ரகசிய எண்ணைப் போட்டால் பணம் போகிறது என்றே அர்த்தம்.

என் துறையின் பெயரைச் சொல்லியும் ஏமாற்றுகிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். 'சர்க்கரை 30 நாளில் அடியோடு குணம்' என்று வீடியோ போட்டு, பேசினவரின் நம்பரைப் பிடித்துக்கொண்டு, வாரா வாரம் பார்சல் தள்ளுகிறார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருஷச் சட்டம் தடுக்கிறது. நாடி பார்க்காமல் போனிலேயே மருந்து விற்பவர் வைத்தியரே இல்லை. சந்தேகம் இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இரவில் வெதுவெதுப்பான பாலில் அமுக்கரா சூரணம் கொடுத்தேன் (நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்). பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. மகனுக்கு என் எதிரிலேயே போன் போட வைத்தேன். "ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்றாரே தவிர, திட்டவில்லை. அன்று சாயங்காலமே புகார் பதிவானது. பணம் இன்னும் வரவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார், முகம் தெளிந்திருந்தது. இடையில் "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், 15 ஆயிரம் கட்டணம்" என்று ஒருவன் கூப்பிட்டானாம். ஒருமுறை ஏமாந்தவர்களின் நம்பர் இவர்களுக்குள் கைமாறும். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல பசங்களை அதட்டுற மாதிரி ஒரு அதட்டு போட்டேன் டாக்டர். அவனே வச்சுட்டான்!"