தேனியின் அஞ்சல் எண்ணைப் பிரிப்போம்

தேனிக்குக் கடிதம் எழுதுவோர் உறையின் மேல் 625531 என்று குறிப்பிடுகிறார்கள். ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு முறை 1972 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. இந்த எண்ணில் முதலில் உள்ள 625 மதுரைப் பகுதியைக் குறிக்கும். (1996இல் தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் அஞ்சல் துறைக்கு நாம் 625தான்!) தபால்காரருக்கு இது முகவரி, நமக்கு ஒரு முழு எண். இது பகா எண்ணா, பகு எண்ணா?

791ஐ 791ஆல் பெருக்கினால் 625681. அது நம் எண்ணைவிடப் பெரியது. எனவே நம் எண் பகு எண்ணானால் அதன் காரணிகளில் ஒன்றாவது 790க்குள் இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் 138 பகா எண்கள் உள்ளன. அவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்.

கடைசி இலக்கம் 1 என்பதால் 2ம் 5ம் ஆகா. இலக்கங்களின் கூட்டுத்தொகை 22. ஆகவே 3ம் ஆகாது. அடுத்து 7, 11, 13. இம்மூன்றின் பெருக்கற்பலன் 1001. நம் எண்ணை 625 × 1001 − 94 என்று எழுதலாம். 625க்கும் 531க்கும் உள்ள வித்தியாசமே இந்த 94. அது இம்மூன்றில் எதனாலும் வகுபடாது. ஆகவே நம் எண்ணும் வகுபடாது. ஒரே கழித்தலில் மூன்று சோதனைகள் முடிந்தன!

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூருக்கு இதையே செய்து பாருங்கள். அதன் எண் 625515. வித்தியாசம் 110, எனவே அது 11ஆல் வகுபடும். முழுவதும் பிரித்தால் 3 × 5 × 11 × 17 × 223 என்று பொலபொலவென உதிர்ந்துவிடுகிறது.

தேனி அவ்வளவு எளிதில் மசியாது. 17ஆல் வகுத்தால் மீதி 16. 19ஆல் வகுத்தால் மீதி 13. 23ஆல் வகுத்தால் மீதியே இல்லை! ஈவு 27197. இந்த ஈவு மேலும் பிரியுமா? 23க்குக் கீழுள்ளவை முன்பே தோற்றுவிட்டன. 23 முதல் 163 வரையுள்ள 30 பகா எண்களால் வகுத்தேன், ஒன்றும் வகுக்கவில்லை. ஆகவே 27197 பகா எண்.

23ஐயும் 27197ஐயும் பெருக்க அரை நிமிடம் போதும். பிரிப்பதற்கோ 39 சோதனைகள் வேண்டியிருந்தன. இந்த ஏற்றத்தாழ்வை நம்பியே ரைவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகியோர் 1977இல் ஒரு மறைமொழி முறையை அமைத்தனர். அவர்கள் சவாலாக விடுத்த 129 இலக்க எண்ணைப் பிரிக்க, 1994 வரை எவராலும் இயலவில்லை. இன்று இணையத்தில் செய்திகளைக் காக்க 617 இலக்க எண்களும் பயன்படுகின்றன. ஓர் எண் பகா எண்ணா என்று மட்டும் அறிவது இவ்வளவு கடினமன்று. அதற்கு விரைவான, உறுதியான வழியைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அகர்வால், கயால், சக்சேனா ஆகியோர் 2002இல் கண்டனர். ஆனால் அவ்வழி காரணிகளைச் சொல்லாது.

போடிநாயக்கனூரின் எண் 625513. 625க்கும் 513க்கும் வித்தியாசம் 112. எனவே 7 அதன் ஒரு காரணி. ஈவு 89359. இது பகு எண்தான். முந்நூறுக்குள் உள்ள ஒரு பகா எண் இதை வகுக்கும். அது எது?