பேறுகாலம் – 12: மருத்துவச்சியின் பையில் என்ன இருக்கிறது?

மாதத்துக்கு ஒருமுறை அந்த வட்டாரத்து மருத்துவச்சிகள் எல்லோரும் பையும் கையுமாக வந்து சேர வேண்டும். சுகாதாரத் துறைச் செவிலி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்ப்பார். கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நாடா, பிறந்த குழந்தையின் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து, வெளுத்து இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி, பிறப்புப் பதிவுப் படிவம் எல்லாம் இருக்கிறதா? வேர், பச்சிலை, எண்ணெய் என்று வேறு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் திட்டு விழும். அனுமதிச் சீட்டே பறிபோவதும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1920-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்த சோதனை இது. சில மருத்துவச்சிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இரண்டு பை வைத்துக்கொண்டார்கள். ஒன்று அதிகாரி பார்ப்பதற்கு, இன்னொன்று பிரசவம் பார்ப்பதற்கு.

இங்கிலாந்து 1902-ல் சட்டம் போட்டு மருத்துவச்சிகளைப் பதிவேட்டில் ஏற்றியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே பெயர் பதிந்தவர்களுக்குப் பயிற்சி வந்தது, சம்பளம் வந்தது, டாக்டரைக் கூப்பிடும் அதிகாரம் வந்தது. அமெரிக்காவிலும் பெயரைப் பதிந்தார்கள். ஆனால் பதிந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடிப்பதற்குத்தான் அந்தப் பதிவேடு பயன்பட்டது.

1900-ல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் வீட்டில்தான் பிறந்தன. 1940-ல் மருத்துவமனைக்கு வெளியே பிறந்தவை 44 சதவீதம். 1969-ல் அது 1 சதவீதம். ரத்தம் ஏற்றும் வசதி, பென்சிலின், பாதுகாப்பான அறுவை சிகிச்சை எல்லாம் இதே காலத்தில்தான் வந்தன. தாய்மார் சாவு அவற்றால் குறைந்தது. இதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. வீட்டுப் பிரசவம் என்றாலே பொற்காலம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

ஆனால் அலபாமாவின் கிரீன் கவுன்டியில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு 1949-ல் அந்த மருத்துவமனை எங்கே இருந்தது? பல இடங்களில் கறுப்பினத்தவரை உள்ளேயே விடமாட்டார்கள். விட்ட இடங்களில் முன்பணம் கேட்டார்கள். அந்த ஆண்டுதான் மார்கரெட் சார்ல்ஸ் ஸ்மித் என்ற மருத்துவச்சிக்கு அரசு அனுமதி கிடைத்தது. 1906-ல் பிறந்தவர், வயற்காட்டு வேலையும் பார்த்தவர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவர் கைகளில் பிறந்தன. இரட்டைப் பிள்ளைகள், கால் முன்னே வந்த பிள்ளைகள் எல்லாம் அதில் அடக்கம். ஒரு தாயைக்கூட அவர் பறிகொடுத்ததில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது. காசு கிடைத்த வீடுகளைவிடக் கிடைக்காத வீடுகளே அதிகம் இருந்திருக்கும்.

1976-ல் அலபாமா சட்டமன்றம் இந்தத் தொழிலை மூடியது. இனி புதிய அனுமதி கிடையாது. ஏற்கெனவே வாங்கியவர்களுடையது கவுன்டி சுகாதாரத் துறை ரத்து செய்யும்வரை செல்லும். அடுத்த சில ஆண்டுகளில் முதிய மருத்துவச்சிகளுக்குக் கடிதங்கள் வந்தன: உங்கள் சேவைக்கு நன்றி, இனி பிரசவம் பார்த்தால் வழக்கு வரும். செவிலியர் படிப்பும் அதற்கு மேல் பேறுகாலப் படிப்பும் முடித்தவர்கள் மட்டும், டாக்டரோடு இணைந்து, தொழில் செய்யலாம். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு உள்ளேதான் இருந்தார்கள். வீட்டுக்கு வர ஆளில்லை.

அதனால் வீட்டுப் பிரசவம் நின்றதா? நிற்கவில்லை. வசதியுள்ளவர்கள் நிறைமாத வயிற்றோடு பக்கத்து மாநிலமான டென்னசிக்குக் கார் ஓட்டிப் போய், வாடகை அறை எடுத்துப் பிள்ளை பெற்றார்கள். வசதியில்லாதவர்கள் ரகசியமாக வரக்கூடிய ஒருத்தியைத் தேடினார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் கணவன் துணையோடு தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சட்டங்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வீட்டில் பிள்ளை பெறுவது அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் குற்றமில்லை. சில மாநிலங்களில், மருத்துவச்சியாகப் பக்கத்தில் இருந்து உதவுவதுதான் குற்றம். நெப்ராஸ்காவில் இன்னும் ஒருபடி மேலே போய், முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய செவிலி-மருத்துவச்சிகூட வீட்டுப் பிரசவத்துக்குப் போகக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எதுவும் தெரியாத மாமியார் பக்கத்தில் இருக்கலாம். எல்லாம் தெரிந்தவர் இருக்கக் கூடாது!

இதனால் வரும் கேடு என்ன என்பதை ஒரு சின்ன மருந்துக் குப்பியை வைத்தே சொல்லிவிடலாம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சும் விழுந்த பிறகு கருப்பை கல்போல இறுகினால்தான் அந்த ரத்தக் குழாய்கள் அடைபடும். இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் சில நிமிடங்களில் தாய் வெளுத்துப்போவாள். இதற்கு முதல் மருந்து ஆக்சிடோசின். தொடையில் ஓர் ஊசி, 10 யூனிட். விலை அதிகமில்லை, போடக் கற்றுக்கொள்வதும் கடினமில்லை. உரிமம் கொடுக்கும் பல மாநிலங்களில் மருத்துவச்சி இதைச் சட்டப்படி பையில் வைத்திருக்கிறார், ஆக்சிஜன் உருளையோடும் குழந்தைக்கு மூச்சூட்டும் பையோடும் சேர்த்து. உரிமம் இல்லாத மாநிலத்தில் அதே குப்பி பையில் அகப்பட்டால் அது அவருக்கு எதிரான சாட்சி: அனுமதியின்றி மருத்துவம் பார்த்த குற்றம். ஆகவே எச்சரிக்கையானவர் அதை எடுத்துப் போகமாட்டார். உயிர் காக்கும் பொருளைப் பையிலிருந்து எடுக்க வைத்தது சட்டம்தான்.

குப்பியைவிட முக்கியமானது தொலைபேசி. பிரசவம் முன்னேறவில்லை, குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்; மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும்; அதுவரை நடந்ததை எழுத்தில் கொடுக்க வேண்டும். தலைமறைவாக வேலை செய்பவருக்கு அந்த அழைப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதற்குச் சமம். இன்னும் அரை மணி நேரம் பார்ப்போமே என்று கை தயங்கும். அந்த அரை மணி நேரத்தில் குழந்தை போய்விடலாம். வாசலில் தாயை இறக்கிவிட்டு மருத்துவச்சி மறைந்துவிட்டால், உள்ளே இருக்கும் டாக்டருக்குப் பனிக்குடம் எப்போது உடைந்தது என்றுகூடச் சொல்ல ஆளிருக்காது. அந்த டாக்டரின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கோபப்பட வேண்டியது சட்டத்தின் மேல்.

சரி, உரிமத்தோடு நடந்தால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2000-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் சான்று பெற்ற மருத்துவச்சிகளோடு வீட்டுப் பிரசவத்துக்குத் திட்டமிட்ட 5,418 பெண்களைப் பற்றிய ஆய்வு 2005-ல் வெளியானது. 12 சதவீதம் பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். சிசேரியன் ஆனது 3.7 சதவீதம் பேருக்கு மட்டுமே. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 1.7. இது ஆதரவாளர்கள் விரும்பிச் சொல்லும் கணக்கு. அவர்கள் அவ்வளவாகச் சொல்லாத கணக்கும் உண்டு. ஒரேகான் மாநிலத்தில் 2012, 2013 ஆண்டுகளின் பிறப்புகளைப் பார்த்தபோது, மருத்துவமனைக்கு வெளியே திட்டமிட்டவற்றில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 3.9, மருத்துவமனையில் 1.8. இரு மடங்குக்கும் மேல். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அப்போது ஒரேகானில் உரிமம் வாங்குவது மருத்துவச்சியின் விருப்பம். கட்டாயமானது 2015-ல்தான்.

இங்கிலாந்தில் 2011-ல் வந்த பெரிய ஆய்வு, ஆபத்துக் காரணிகள் இல்லாத 64,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குழந்தையின் நலத்தில் வேறுபாடு தென்படவில்லை. தலைப்பிரசவம் என்றால் வேறுபாடு தென்பட்டது: கடுமையான பாதிப்பு மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தலைப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் நூற்றுக்கு 45 பேர் நடுவழியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். இவ்வளவையும் ஒளிக்காமல் கர்ப்பிணியிடம் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விடுகிறார்கள். அது நேர்மையான வழி.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இன்னும் தெளிவான பாடம். டொரன்டோவில் வாழும் உறவுக்காரர்கள் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1993-ன் கடைசி நாளிலிருந்து அங்கே மருத்துவச்சி சட்டப்படி பதிவு பெற்ற தொழிலர். சம்பளம் அரசுப் பணம். வீட்டில் பிரசவம் பார்க்கவும், அதே தாயை மருத்துவமனையில் சேர்த்து அங்கேயும் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. மாற்ற நேர்ந்தால் ஆள் மாறுவதில்லை, கட்டில்தான் மாறுகிறது. அங்கே திட்டமிட்ட சுமார் 11,500 வீட்டுப் பிரசவங்களை அதே அளவு மருத்துவமனைப் பிரசவங்களோடு ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வில் குழந்தை இறப்பு அபாயத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

அலபாமாவுக்குத் திரும்புவோம். பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெண்கள், பெரும்பாலும் கைக்குழந்தைகளோடு, சட்டமன்றப் படியேறினார்கள். மருத்துவச்சிகளுக்கு மறுபடி உரிமம் தரும் சட்டத்தில் 2017 மே மாதம் கவர்னர் கே ஐவி கையெழுத்திட்டார். 2019-ல் முதல் உரிமங்கள் வந்தன. இல்லினாய் மாநிலம் 2021-ல் இதேபோன்ற சட்டம் இயற்றி 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. கொரோனா காலத்தில் மருத்துவமனைக்குப் பயந்தவர்களும் சேர, 2021-ல் அமெரிக்க வீட்டுப் பிரசவங்கள் 51,642 ஆயின. மொத்தப் பிறப்புகளில் 1.41 சதவீதம். இன்னொரு பக்கம், 2023-ல் அலபாமாவில் மட்டும் மூன்று மருத்துவமனைகள் பிரசவப் பிரிவை மூடின. 2021-ல் அந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு இறந்த தாய்மார், வெள்ளையரில் 26.6, கறுப்பினத்தவரில் 69.9. மார்கரெட்டின் கொள்ளுப்பேத்தி வயதுப் பெண்கள் மறுபடி மருத்துவச்சியைத் தேடுவது ஏன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மகப்பேறு மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம், மருத்துவமனையும் அங்கீகாரம் பெற்ற பிரசவ மையமும்தான் மிகப் பாதுகாப்பானவை என்கிறது. விவரம் அறிந்து முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்றும் சொல்கிறது. இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, முன்பு சிசேரியன் ஆன வயிறு ஆகிய மூன்றும் வீட்டில் கூடவே கூடாது என்கிறது. இந்த மூன்றையும் நான் ஒப்புக்கொள்கிறேன். உரிமம் என்பது சலுகைச் சீட்டு இல்லை. யாரை ஏற்கக் கூடாது, எப்போது கையை எடுத்துவிட்டு வண்டியைக் கூப்பிட வேண்டும், தவறினால் யார் விசாரிப்பார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். மருத்துவமனையும் வருகிறவளை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

இது பணக்கார நாடுகளின் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். இலங்கையில் 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சியும் பதிவும் பெற்ற மருத்துவச்சிகள் ஊரிலேயே குடியிருந்து, வீடு தேடிப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள். சிக்கல் என்றால் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1930-களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டில், 1950 வாக்கில் அது 600-க்கும் கீழே வந்தது. மலேரியா ஒழிப்புக்கும் புது மருந்துகளுக்கும் இலவச மருத்துவமனைகளுக்கும் அதில் பங்குண்டு. மருத்துவச்சியின் பங்கை யாரும் மறுத்ததில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். அது பெரும் சாதனை. கூடவே, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிறப்புகளில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. கத்திக்குப் பயந்து மருத்துவமனையையே தவிர்க்கிறவர்கள் உருவாவதில் ஆச்சரியமில்லை. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற ஓர் இளம் பெண் ரத்தப்போக்கில் இறந்தார். அந்த வீட்டில் இல்லாதவை ஆக்சிடோசின் குப்பியும் அதைப் போடத் தெரிந்த கையும். அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு பதினெட்டு மாதப் பயிற்சியுடன் தனி மருத்துவச்சிப் பணியை உருவாக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவர்கள் வேலை செய்யப்போவது மருத்துவமனைகளில், மருத்துவச்சிகளே நடத்தும் பிரிவுகளில். நமக்கு அதுவே சரியான தொடக்கம். தமிழ்நாடு அதை வேகப்படுத்த வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பிரசவம் பார்க்கக் கிளம்ப வேண்டாம். உரிமமும் பையும் வண்டியும் உள்ள மருத்துவச்சி இன்று உங்கள் தெருவில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளத் தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

(அடுத்த வாரம்: ஹங்கேரியில் கைதான மருத்துவச்சி)