கப்பல் நின்ற ஊர்கள் – 9
அருவிக்குப் போகும் வழியில் ஒரு மாரியம்மன்

உத்திரமேரூர்ப் பக்கம் அருவி கிடையாது. கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று வரும் எங்கள் பெரிய ஏரி நிரம்பிக் கலங்கல் பாயும் வருஷத்தில் பிள்ளைகுட்டிகளோடு போய் நின்று பார்ப்போம். எங்களுக்கு அதுதான் குற்றாலம். 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் கிளம்பியதிலிருந்து டீக்கடையில் ஒரே கேள்விதான்: "கப்பல்ல போனா நடுவுல எறக்கி ஊரு சுத்திக் காட்டுவாங்களா சார்?"

காட்டுவார்கள், தனிக் கட்டணத்துக்கு. இந்தக் கரைச் சுற்றுலா எப்படி நடக்கிறது என்பதற்கு இந்த வாரம் எடுத்துக்கொண்டது கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப். திரிகோணமலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் ஏன் என்றால், அங்கே அருவிக்குப் போகும் பாதையில் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

குவாதலூப் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். வரைபடத்தில் பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி. கிழக்கு இறக்கை கரும்பு விளையும் தட்டை நிலம். மேற்கு இறக்கை முழுக்க மலை. அதன் தென்பகுதியில் 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை. 1976-ல் அது குமுறியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அதன் உச்சியில் ஆண்டுக்குப் பத்தாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுகிறது. நமக்கு ஆயிரத்து இருநூறு பெய்தாலே நல்ல வருஷம். அந்த மழை கிழக்குச் சரிவில் கார்பே ஆறாக இறங்கும்போது மூன்று இடத்தில் விழுகிறது. முதல் அருவி 115 மீட்டர், இரண்டாவது 110, மூன்றாவது 20. கப்பல்காரர்கள் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

காலையில் கப்பல் புவாந்தாபித்ர் துறையை அணைந்ததும், பெயர் கொடுத்தவர்களைக் குழு குழுவாகப் பிரித்துச் சட்டையில் எண் ஒட்டிப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா என்றால் பேருந்து பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும். வெளியே வாடகை வண்டி பேசிப் போனால் விலை குறைவு. ஆனால் நேரம் தவறினால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் ஓட வேண்டும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து காட்டுக்குள் இருபது நிமிட நடை. பாதை ஈரம், வழுக்கும், செருப்பு உதவாது. அருவியில் தலை கொடுக்கலாம் என்று துண்டு எடுத்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். 2004 நவம்பர் 21-ல் நிலநடுக்கம் வந்து பாறைகள் சரிந்த பிறகு இரண்டாவது அருவியின் அடிவாரத்துக்கு யாரையும் விடுவதில்லை. மேடையில் நின்று பார்க்க வேண்டியதுதான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இடித்து நுழைகிற நமக்கு அதெல்லாம் ஒரு அருவியா!

இந்த அருவியைக் கப்பலிலிருந்து முதலில் பார்த்து எழுதிவைத்தவர்கள் கொலம்பஸோடு வந்தவர்கள். 1493 நவம்பரில், அவருடைய இரண்டாம் பயணம். வானத்திலிருந்து விழுவதுபோல மலையில் வெள்ளையாக ஏதோ தெரிய, அது பாறையா தண்ணீரா என்று கப்பலில் பந்தயம் கட்டினார்களாம். கூட வந்த மருத்துவர் சாங்கா கடிதத்தில் குறித்திருக்கிறார். எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்து வந்த கப்பல்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு. அருவிக்குத் திரும்பும் முன் வரும் ஊர் கப்பேஸ்தேர். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி ஷாஞ்சி என்ற இடத்தில் வண்ணம் பூசிய சுதைச் சிற்பங்களோடு ஒரு கோயில். சில பேருந்துகள் பத்து நிமிடம் நிறுத்துகின்றன; பல, வேகத்தைக் குறைத்துப் படம் எடுக்க விட்டுப் போய்விடுகின்றன. உள்ளே இருப்பவள் நம் மாரியம்மன். அந்தத் தீவில் மதுரைவீரனுக்கும் பூசை உண்டு, கிடா வெட்டும் உண்டு.

1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட இந்தியர்களைப் புவாந்தாபித்ர் துறையில் இறக்கியது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம். அதிலிருந்து 1889 வரை ஏறத்தாழ 42 ஆயிரம் பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் நிறைய. 1861 உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதிகளிலும் ஆள் பிடிக்க அனுமதி கிடைத்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாதக் கடல். ஊர் திரும்பியவர்கள் கால் பங்குகூட இல்லை.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி அரை நாள் பயணம்கூட இல்லை. அன்று மதுராந்தகம் தாலுகாவில், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது எங்கள் ஊர். அந்த மாவட்டத்துப் படியாட்கள் கடனுக்குக் கட்டுப்பட்டு, குடியிருக்கும் மனைகூடத் தமக்கென்று இல்லாமல் கிடந்ததை 1891-ல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அரசுக்கு எழுதினார். கப்பல் ஏறியவர்கள் எதை விட்டு ஓடினார்கள் என்று தெரிய அந்த அறிக்கையைப் படித்தால் போதும்.

எங்கள் ஊரின் பெருமை என்று எல்லா மேடையிலும் முழங்குவது பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. நானும் முழங்கியவன்தான். அதில் ஓலையில் பெயர் எழுதத் தகுதியும் இருக்கிறது: இறை செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. குவாதலூப்புக்குப் போனவர்களில் யாருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. கடலைத் தாண்டியும் அதே கதைதான். அங்கே பிறந்த பிள்ளைகளையும் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்ல என்று வாக்காளர் பட்டியலிலிருந்து ஒதுக்கப் பார்த்தார்கள். கப்பேஸ்தேரில் 1863-ல் பிறந்த ஹென்ரி சிதம்பரம் 1904-ல் வழக்கைத் தொடங்கினார். விடாமல் நடத்தி 1923-ல் குடியுரிமையும் வாக்குரிமையும் வாங்கிக் கொடுத்தார். உத்திரமேரூரில் தேர்தல் வரலாறு பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சுற்றுலா பதிவு செய்யும்போதே ஷாஞ்சி கோயிலில் நிறுத்துவார்களா என்று கேளுங்கள். கிளம்பிய பிறகு கேட்டால் ஓட்டுநர் கடிகாரத்தைக் காட்டுவார். அடுத்தது விசா. குவாதலூப் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. இந்தியக் கடவுச்சீட்டில் சாதாரண ஷெங்கன் விசாவை மட்டும் நம்பிப் போய் நிற்காதீர்கள். கடல்கடந்த பகுதிகளுக்குச் செல்லும் என்று விசாவில் குறிப்பு இருக்கிறதா எனக் கப்பல் சீட்டு வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: மார்த்தினிக்)