திறப்பு விழாவுக்கு மட்டும் ஒரு பெண் பெயர்

பெங்களூரு காக்ஸ் டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கண்ணில் படும் பெயர்களெல்லாம் ஆண் பெயர்கள்தாம். காக்ஸ், கண்டோன்மென்ட் காலத்து வெள்ளைக்கார கலெக்டர். பக்கத்து ஃப்ரேசர் டவுன், மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர் பெயரில். குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், வீலர் ரோடு, சார்லஸ் கேம்பெல் ரோடு, வாக்கிங் போகும் கோல்ஸ் பார்க் எல்லாமே அந்த வரிசைதான். சிவாஜிநகர் பெரியாஸ்பத்திரியில் லேடி கர்சன் பெயர் இருக்கிறது. அதுவும் வைஸ்ராயின் மனைவி என்பதால் வந்தது.

வெள்ளைக்காரன் வைத்த பெயர் கிடக்கட்டும். நாம் வைத்த பெயர்களின் கதை என்ன?

இந்த ஊரை 1537-ல் கட்டியதாகச் சொல்லப்படும் கெம்பேகௌடாவையே எடுத்துக்கொள்வோம். விமான நிலையம் அவர் பெயரில். மெஜஸ்டிக் பஸ் நிலையமும் மெட்ரோ நிலையமும் அவர் பெயரில். 2022 நவம்பரில் விமான நிலையத்துக்கு அருகே 108 அடி உயர வெண்கலச் சிலையும் வந்துவிட்டது. அவருடைய மருமகள் லட்சுமிதேவி. கோட்டை வாசல் எழுப்ப எழுப்பச் சரிந்ததாம். உயிர்ப்பலி கேட்கிறது என்றார்களாம். நிறைமாதக் கர்ப்பிணியான அவள் இரவில் யாருக்கும் சொல்லாமல் போய்த் தன்னையே வெட்டிக்கொண்டாளாம். நாட்டார் கதைதான். கதையிலும் பெண்ணுக்கு மரியாதை கிடைக்கச் சாக வேண்டியிருக்கிறது! அவளுடைய சமாதியும் கோயிலும் கோரமங்களாவில் இருக்கின்றன. பழைய மாநகராட்சித் தலைமை அலுவலகத்தின் முன்னால் ஒரு சிலையும் உண்டு. ஆனால் கோரமங்களாவுக்குப் பிரியாணி சாப்பிடப் போகிறவர்களிடம் அந்தச் சமாதிக்கு வழி கேட்டுப் பாருங்கள். கூகுள் மேப்பைத்தான் நீட்டுவார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2016-ல் 500 கிராமங்களில் ‘அம்மா பூங்கா’ என்று அறிவித்தார்கள். கூடவே உடற்பயிற்சிக் கூடமும். திறந்துவைக்கும்போது வாழைமரம், மைக் செட், கட்சிக்கொடி எல்லாம் இருந்தன. பல ஊர்களில் சில ஆண்டுகளிலேயே புதர் மண்டி, கருவிகள் துருப்பிடித்து, பூட்டிக் கிடப்பதாகச் செய்திகள் வரத் தொடங்கின. பெயருக்குரிய முதல்வர் மறைந்தார், பிறகு ஆட்சியும் மாறியது, பூங்கா அநாதையானது. அரசியல்வாதியின் பெயர் என்றால் எதிர்க்கட்சி தண்ணீர் ஊற்றாது. அரசியலில் இல்லாத பெண்ணின் பெயர் என்றால் எந்தக் கட்சியுமே ஊற்றாது.

கவனிப்பு இல்லாத பூங்கா எப்படி இருக்கும் என்று நகரவாசிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சீசாவில் பலகை இருக்காது, இரும்புக்குழாய் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். போர்வெல் மோட்டார் ரிப்பேர் என்று புல்தரை காய்ந்திருக்கும். பெயர்ப்பலகையில் பெண்ணின் முகத்துக்கு மேலேயே டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறைக் கதவில் பூட்டு. 2024-ல் பெங்களூரு பூங்காக்களைக் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்துவைக்கச் சொன்னார்கள். நல்ல உத்தரவுதான். கேட் மட்டும் திறந்திருந்தால் பெண்கள் எத்தனை நேரம் உள்ளே இருக்க முடியும்? முதலில் எழுந்து வீட்டுக்குப் போகிறவர்கள் பாட்டிகளும் கைக்குழந்தைக்காரிகளும்தான்.

காசு இல்லை என்பது பாதிக் காரணம்தான். பூங்கா அமைக்க டெண்டர் உண்டு, திறக்க விழா உண்டு. ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள யார் பொறுப்பு என்று கேட்டால்தான் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்று கர்நாடகத்தில் 1985-லேயே சட்டம் போட்டாயிற்று. பாழாய்ப் போக விடுவதை அந்தச் சட்டத்தால் மட்டும் தடுத்துவிட முடியுமா? பெங்களூருவில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் நடத்தாமலே ஐந்தாண்டுகளை ஓட்டிவிட்டு, 2025-ல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். முன்பு கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றாவது சண்டை போடலாம். அந்த வாசலும் இல்லாமல் போயிற்று.

காக்ஸ் டவுன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வார்டு தேர்தல் வரும்போது ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்த அம்மையார் பெயரில் பூங்கா வேண்டும் என்று உங்களிடம் கேட்கக்கூடும். பெயர் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். பலகையில் அந்தப் பெயருக்குக் கீழே பராமரிப்புக் கான்ட்ராக்டர் யார், ஆண்டுத் தொகை எவ்வளவு, புகார் சொல்ல எந்த நம்பர் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.