ஒரு கவுண்டர், பல பேரேடுகள்

2000 ஜூனில் திருவனந்தபுரத்தில் ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற சேவை மையம் திறந்தது. கரண்ட் பில்லுக்கு ஒரு வரிசை, தண்ணீர்க் கட்டணத்துக்கு இன்னோர் அலுவலகம், பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு வேறொரு ஜன்னல் என்று அலைந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே கவுண்டரில் கட்டிவிட்டு ரசீதோடு வீடு திரும்பினார்கள்.

கவுண்டரில் கணினி இருந்தது. அதற்கும் துறைகளின் கணக்குக்கும் நடுவே கம்பி எதுவும் ஓடவில்லை. துறைகள் எல்லாம் கணினிக்கு மாறட்டும் என்று காத்திருந்தால் மையம் எப்போது திறந்திருக்குமோ! வாங்கிய பணத்தின் பட்டியலை அச்சிட்டு அந்தந்தத் துறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ஊழியர்கள் அதைப் பார்த்துக் கணக்கில் ஏற்றினார்கள். தாளே பாலமானது.

எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு. இன்றைய இணையச் செயலியைப் பழைய தரவுத்தளத்தோடு இணைப்பவர்களும் பல இடங்களில் இதே வழியில்தான் போகிறார்கள். பழைய தரவுத்தளம் ஆபீஸ் நேரத்தில் சில குமாஸ்தாக்கள் பயன்படுத்துவதற்காகக் கட்டப்பட்டிருக்கும். இணையத்தில் நள்ளிரவிலும் ஆயிரம் பேர் வருவார்கள். அத்தனை பேரையும் நேரே உள்ளே விட்டால் அது திணறிப்போகும். அதனால் நடுவில் ஒரு காத்திருப்புப் பட்டியல் வைக்கிறார்கள். கட்டிய பணம் முதலில் அதில் பதிவாகிறது. பழைய கணினி தன் வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. பணம் கட்டிய மறுநாளும் பாக்கி என்று காட்டுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

வியப்பான சிக்கல் ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. ‘இதைக் கணக்கில் ஏற்று’ என்று செயலி செய்தி அனுப்புகிறது, பதில் வரவில்லை. போன செய்தி வழியில் தொலைந்ததா, கணக்கில் ஏறிய பிறகு பதில் தொலைந்ததா? அனுப்பிய இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மறுபடி அனுப்பினால் ஒரே பில் இரண்டு தடவை ஏறலாம். அனுப்பாமல் விட்டால் கட்டிய பணம் கணக்குக்கே வராமல் போகலாம். எவ்வளவு வேகமான கம்பி போட்டாலும் இந்தச் சந்தேகம் அடியோடு ஒழியாது.

இதற்கு விடை ஒரு சின்ன எண். ஒவ்வொரு கட்டணத்துக்கும் வேறெதற்கும் இல்லாத தனி எண் கொடுத்துவிட்டால், செய்தியைப் பத்துத் தடவைகூட தைரியமாக அனுப்பலாம். வாங்கும் பக்கம் அந்த எண் முன்பே பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால், ‘ஏற்றியாயிற்று’ என்ற பழைய பதிலையே திருப்பித் தரும். கையால் எழுதிய பேரேட்டிலும் தொகைக்குப் பக்கத்தில் ரசீது எண்ணுக்கென்று ஒரு பத்தி இருக்கும்.