நேரத்துக்கும் காசுக்கும் ஒரு கணக்கு

கோவை ஒப்பணக்காரத் தெருவுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நூறாண்டு கடந்த அந்தப் பள்ளிவாசலின் மினாராக்களை ஊரே அறியும். உள்ளே நடப்பது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. பன்றி இறைச்சி ஆகாது, மது கூடாது, வட்டி வாங்கக் கூடாது, சிலையை வணங்க மாட்டார்கள், ரம்ஜானுக்குப் பிரியாணி வரும் என்று இஸ்லாம் பலருக்கு ஒரு விலக்குப் பட்டியலாகவும் ஒரு விருந்தாகவும் மட்டும் தெரிகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம்; கோவை மாநகரில் அதைவிடக் கூடுதல். இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களின் மார்க்கத்தை விலக்குகளை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. விலக்குகள் அதன் ஓரத்தில் இருப்பவை. நடுவில் இருப்பது ஒரு கணக்கு. மனிதன் கையில் உள்ள நேரமும் பொருளும் உயிரும் அவனுக்குச் சொந்தமல்ல, அவனிடம் ஒப்படைக்கப்பட்டவை, ஒருநாள் உரியவனிடம் கணக்குச் சொல்ல வேண்டியவை என்பதே அது. தொழுகை, நோன்பு, ஜகாத் என்று எதை எடுத்தாலும் இந்தக் கணக்கிலிருந்து பார்த்தால்தான் பொருள் விளங்கும். பட்டறையும் தறியும் சந்தையுமாக வாழும் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது விளங்காத விஷயமும் அல்ல.

கோவையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது 1998ஐத் தாண்டிப் போக முடியாது. 1997 நவம்பர் கடைசியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று ஊரெங்கும் வெடித்த குண்டுகளுக்கு 58 பேர் பலியானார்கள். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொலை நடக்கும்போது மார்க்கத்துக்குப் பொறுப்பில்லையா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மார்க்கத்தின் மூல நூலிலேயே பதில் இருக்கிறது. ஒரு உயிரை அநியாயமாகப் பறிப்பது மனித குலம் முழுவதையும் கொன்றதற்குச் சமம் என்ற கருத்தைக் குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் வைக்கிறது. உயிர் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றால், தன் உயிரையோ பிறர் உயிரையோ எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்தபோது, சுற்றியுள்ள ஜமாஅத்துகளின், அதாவது பள்ளிவாசல்களைச் சார்ந்த ஊர் அமைப்புகளின், பொறுப்பாளர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பேசினார்கள். பழைய காயம் அதனால் ஆறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. தாங்கள் நம்புவது என்ன என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை தங்களுக்கு உண்டு என்று அவர்கள் கருதினார்கள். அதைக் கேட்டுக்கொள்ளும் கடமை மற்றவர்களுக்கும் இருக்கிறது.

நம்பிக்கை என்ற அளவில் இஸ்லாம் சுருக்கமானது. அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் வேறு யாரும் இல்லை, முகம்மது அவனுடைய தூதர் என்னும் கலிமா ஒற்றை மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியது. வானவர்கள், வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், விதி ஆகியவற்றின் மீதான நம்பிக்கையும் அதோடு சேர்ந்து வரும். நபிகள் நாயகம் மக்காவில் ஏறத்தாழ கி.பி. 570இல் பிறந்தார், 610இல் முதல் இறைச்செய்தி வந்தது, 622இல் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார், 632இல் மறைந்தார். அவருக்கு அருளப்பட்டதாக முஸ்லிம்கள் நம்பும் குர்ஆனில் 114 அத்தியாயங்கள். அவரை அவர்கள் உயிரினும் மேலாக மதிக்கிறார்கள், ஆனால் வணங்குவதில்லை. ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈசா என்று முன்வந்த தூதர்களையும் ஏற்கிறார்கள். கொள்கை இவ்வளவுதான். அதை அன்றாடத்தில் நிறைவேற்றுவதில்தான் இந்த மார்க்கத்தின் முழுக் கனமும் இருக்கிறது.

முதலில் நேரம். விடியலில் சுபுஹு, உச்சி சாய்ந்ததும் லுஹர், பிற்பகலில் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், இருட்டிய பின் இஷா என ஒரு நாளுக்கு ஐந்து வேளை. நின்று, குனிந்து, நெற்றி தரையில் பட வணங்கும் ஒரு சுற்று ஒரு ரக்அத்; கடமையான ரக்அத்துகள் மட்டும் பதினேழு. முகம், கை, கால் கழுவி ஒளு செய்துகொண்டு மக்காவின் திசை நோக்கி நிற்க வேண்டும். கோவையிலிருந்து அது மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. வேளையைத் தீர்மானிப்பது சூரியன். அஸர் எப்போது தொடங்குகிறது என்பதில் சட்டப் பள்ளிகள் இரண்டு கணக்கு வைத்திருக்கின்றன. உச்சி நேரத்து நிழலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு பொருளின் நிழல் அதன் உயரம் அளவுக்கு நீண்டதும் அஸர் வந்துவிடும் என்பது ஷாஃபி கணக்கு. இரண்டு மடங்கு நீள வேண்டும் என்பது ஹனஃபி கணக்கு. கொங்கு நாட்டில் இரண்டும் உண்டு. பள்ளபட்டி, தாராபுரம், உடுமலை பக்கத்து ராவுத்தர்கள் தமிழ் பேசும் ஹனஃபிகள். தக்காண உருது பேசும் குடும்பங்களும் ஹனஃபிகள்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து குடியேறிய மலையாளக் குடும்பங்கள் ஷாஃபிகள். அதனால் ஒரே வட்டாரத்தில் ஒரு பள்ளிவாசலில் அஸர் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றில் பாங்கு கேட்கும். இரண்டும் சரிதான் என்று இரு சாராரும் ஏற்கிறார்கள். பயணம் போகிறவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தாண்டிப் போகிறவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். கோவையிலிருந்து ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போகும் வியாபாரிக்கு இந்தச் சலுகை பொருந்தும். திருப்பூர் வரை போய்த் திரும்புகிறவருக்குப் பொருந்தாது.

இப்படி மணி பார்த்து, எண்ணிக்கை பார்த்துச் செய்வது வெறும் சடங்காகிவிடாதா, பக்தி என்பது மனம் உருகி வருவதல்லவா என்று பக்தி மரபில் வளர்ந்த தமிழ் மனம் கேட்கும். முஸ்லிம் அறிஞர்களும் இதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டவர்கள்தான். எந்தச் செயலும் அதன் நிய்யத்தால், அதாவது மனத்தில் கொண்ட நோக்கத்தால்தான் மதிப்புப் பெறும் என்பது அவர்களின் அடிப்படை விதி. குர்ஆனின் 107ஆம் அத்தியாயம் மிகச் சிறியது. அநாதையை விரட்டுகிறவனையும், அக்கறையில்லாமல் பிறர் பார்க்கத் தொழுகிறவர்களையும், அண்டை வீட்டாருக்கு ஒரு சின்னப் புழங்குபொருளைக்கூடத் தர மறுப்பவர்களையும் அது ஒரே வரிசையில் வைத்துக் கண்டிக்கிறது. மனம் உருகும்போது மட்டும் வணங்குவது என்று விட்டுவிட்டால், வேலை நெருக்கும் நாளில் வணக்கம் விடுபட்டுப் போகும். ஷிப்டு நடுவே பத்து நிமிடம் இயந்திரத்தை விட்டு விலகி நிற்பவர், தன் பொழுது முழுவதும் முதலாளிக்கோ தனக்கோ உரியதல்ல என்று செயலில் காட்டுகிறார். வரிசையில் முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதும், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முன் தமிழில் பயான் என்னும் உரை நடப்பதும், அந்தப் பத்து நிமிடத்தைத் தனி மனிதரின் தியானமாக மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்கின்றன.

ரமலான் நோன்பு அதே கணக்கின் ஆண்டு வடிவம். இஸ்லாமிய ஆண்டு பிறைக் கணக்கில் ஓடுவது. ஏறத்தாழ 354 நாள். அதனால் ரமலான் ஆண்டுக்குப் பதினொரு நாள் போல முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் நோன்பு வரும். நோயாளிகள், பயணிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தள்ளிவைத்துப் பிறகு நிறைவேற்றலாம். முடியாத முதியவர்கள் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு தர வேண்டும். சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய உணவுக்குப் பிறகு மாலைவரை தண்ணீர்கூட இல்லாமல் இருந்து, மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து கஞ்சி குடிக்கிறார்கள். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, புதினா, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சும் நோன்புக்கஞ்சிக்கென்று தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. பிற்பகலில் தூக்குப்போசியோடு வந்து நிற்கும் பிள்ளைகளிடம் எந்த மதம் என்று கேட்டு ஊற்றும் வழக்கம் இல்லை.

இனிக் காசு. கணக்கு மிகக் கறாராக நடப்பது இங்கேதான். ஏறத்தாழ பதினொரு பவுன் தங்கம், அல்லது வெள்ளிக் கணக்கில் 612 கிராம் அளவு மதிப்புள்ள சொத்து ஓர் ஆண்டு முழுக்கக் கையில் இருந்தால் அதில் இரண்டரை சதவீதம் ஜகாத். எந்தச் சொத்து என்பதைக் கவனிக்க வேண்டும். கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவரின் லேத்துக்கு ஜகாத் இல்லை. விற்பனைக்கு அடுக்கி வைத்த பம்புக்கு உண்டு. சோமனூரில் தறிக்கு இல்லை. நெய்து வைத்த துணிக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. வாடகையில் மிச்சமான பணத்துக்கு உண்டு. எடுத்துக்காட்டாக, நான்கு லட்சத்துக்குச் சரக்கு, ஒன்றரை லட்சம் ரொக்கம், வர வேண்டிய பாக்கி இரண்டு லட்சம், கொடுக்க வேண்டிய கடன் ஒன்றரை லட்சம் என்றால் நிகரம் ஆறு லட்சம். ஜகாத் 15,000 ரூபாய். பிழைப்புக்கான கருவியை விட்டுவிட்டு, தேங்கி நிற்கும் செல்வத்தைத் தொடும் முறை இது. விவசாயத்தில் இந்த நியாயம் இன்னும் துலக்கமாகத் தெரியும். மானாவாரி விளைச்சலுக்குப் பத்தில் ஒரு பங்கு. செலவு செய்து நீர் இறைத்துப் பாய்ச்சிய விளைச்சலுக்கு இருபதில் ஒரு பங்கு. கிணற்றை ஆழப்படுத்தியும் மோட்டார் போட்டுமே வெள்ளாமை செய்து வந்த கொங்குச் சம்சாரிக்கு இந்தப் பாகுபாட்டின் நேர்மையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இது தருமம் அல்ல. தருமம் கொடுப்பவரின் விருப்பம். ஜகாத்தைக் குர்ஆன் வறியவர்களின் உரிமையாக வைக்கிறது. வறியவர், கடனில் மூழ்கியவர், வழிப்போக்கர் என்று பெறத் தகுந்தோர் எட்டு வகையினர் என்பதும் குர்ஆனிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. இது போக, பெருநாள் தொழுகைக்கு முன்பே வீட்டில் ஆளுக்கு இவ்வளவு தானியம் என்று, கைக்குழந்தைக்கும் சேர்த்து, ஃபித்ரா கொடுத்தாக வேண்டும். பெருநாளன்று யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பது நோக்கம்.

எல்லா முஸ்லிம்களும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்களா என்று கேட்டால், இல்லை. ஜகாத் கொடுக்காத வசதிக்காரர்கள் உண்டு. வட்டி விலக்கு என்று தெரிந்தே ஃபைனான்ஸில் வாங்குகிறவர்களும் கொடுக்கிறவர்களும் உண்டு. வங்கியில் சேர்ந்த வட்டியைத் தொடாமல் அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்க, பெண் வீட்டில் கைக்கூலி வாங்கும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடம் நெடுங்காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடப்பு இப்படி இருக்கும்போது விதியைப் பேசி என்ன பயன் என்று தோன்றலாம். விதி இருப்பதால்தான் மீறலை மீறல் என்று சுட்ட முடிகிறது. கைக்கூலி கேட்கும் திருமணங்களுக்குப் போக மாட்டோம் என்று தவ்ஹீத் இயக்கத்தினர் சொன்னபோது அவர்கள் எடுத்துக் காட்டியது இந்த மஹர் விதியைத்தான்.

கணக்கு மரணத்தோடும் முடிவதில்லை. இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகைக்கு முன் அவருடைய மகனோ சகோதரரோ எழுந்து நின்று, அவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவிக்கும் வழக்கம் இருக்கிறது. அடக்கச் செலவு, அடுத்துக் கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத உயில், மிச்சம் வாரிசுகளுக்கு என்று சட்டம் வரிசை போட்டு வைத்திருக்கிறது. மகளுக்கு மகனின் பங்கில் பாதி. 7ஆம் நூற்றாண்டில் மகளுக்கு, மனைவிக்கு, தாய்க்குச் சொத்தில் பங்கை எழுதி வைத்தது பெரிய காரியம்தான். தமிழகத்தில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு சட்டமானது 1989இல். ஆனால் அன்று பெரியதாக இருந்தது இன்றைக்கும் போதுமா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பழம்பெருமை பதிலாகாது. குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஆணுடையது, பெண்ணின் சொத்து அவளுக்கு மட்டுமே உரியது, அதனால்தான் இந்த அளவு என்கிறார்கள் மரபு அறிஞர்கள். இன்று தறி ஓட்டியும் பனியன் கம்பெனிக்குப் போயும் குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள் அந்தப் பொறுப்பில் பாதியையாவது சுமக்கிறார்கள். ஹனஃபி கணக்கில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பதால், தன் கழுத்து நகைக்கு ஆண்டுதோறும் தானே கணக்குப் பார்க்கக் கடமைப்பட்டவள் பெண். அப்படிப்பட்டவளுக்கு, அவள் வாழ்வைப் பற்றி முடிவெடுக்கும் ஜமாஅத்தில் இடம் ஏன் இல்லை என்ற கேள்வியைப் புதுக்கோட்டையிலிருந்து தாவூத் ஷரீஃபா கானம் எழுப்பினார். பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தையும் அமைத்தார். ஆண் நிர்வாகிகள் பலர் அதை எதிர்த்தார்கள். அவர் எழுப்பிய கேள்வி இன்றும் அந்த நிர்வாகிகள் முன் நிற்கிறது.